கணிதமும் பொருளியலும் சேர்த்துப் படிக்க: பிளஸ் டூ முடித்தவர்களுக்கு

லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸில் கணிதமும் பொருளியலும் சேர்ந்து ஒரே பட்டப்படிப்பாகவே இருக்கிறது. எதற்குப் பின் எதைப் படிப்பது என்ற வரிசையை அங்கே துறையே போட்டுக் கொடுத்துவிடும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. மேத்ஸ் டிபார்ட்மென்ட் ஒரு பிளாக்கில், எக்கனாமிக்ஸ் இன்னொரு பிளாக்கில். ஒன்று பி.எஸ்சி., மற்றது பி.ஏ. நடுவே பாலம் போடும் வேலை மாணவர் தலையில்தான் விழும். அதை எந்த வரிசையில் செய்வது, எங்கே வழுக்கும் என்று இங்கே பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எம்.ஏ., பிஎச்.டி. வரை போக நினைப்பவருக்கு இந்தக் கூட்டுப் படிப்பில் திருப்புமுனையான பாடம் ரியல் அனாலிசிஸ் (மெய்யெண்கள், எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றை நிறுவலோடு படிக்கும் பாடம்). கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நிறைய, நிறுவத் (ப்ரூஃப் எழுதத்) தெரிந்தவர்கள் கொஞ்சம். முதுகலை முதல் செமஸ்டரில் மைக்ரோ (தனிநபர், நிறுவன அளவிலான பொருளியல்) பாடத்தில் திணறுபவர்களுக்கு வகையிட நன்றாகவே தெரியும். "இந்தக் கணக்குக்கு விடை என்று ஒன்று இருக்கிறதா, இருக்கும் என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. கீழே சொல்லும் வரிசை முழுக்க அந்தக் கேள்வியை மனதில் வைத்துப் போட்டது.

எந்தக் கதவு வழியாக நுழைவது

மாநிலப் பாடத்திட்டத்தில் சிக்கல் பதினொன்றாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கிறது. கணிதம் எடுத்தவர் கூடவே இயற்பியல், வேதியியல் படித்திருப்பார். பொருளியல் பக்கம் போயிருக்க மாட்டார். பொருளியல் எடுத்தவர் வணிகவியல், கணக்குப்பதிவியலோடு படித்திருப்பார். கணிதம் இருந்தாலும் அது வணிகக் கணிதமாக இருக்கும். ஆக, யார் வந்தாலும் ஒரு கால் குட்டைதான்.

கணிதம் படித்தவர் கோடை விடுமுறையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் பாடநூல்களைப் படித்தால் அடிப்படைச் சொற்கள் வந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் ஐந்தாறு வாரம் போதும். பதினொன்றாம் வகுப்பு நூலின் கடைசிப் பாடம் பொருளியலுக்கான கணித முறைகள், பன்னிரண்டின் கடைசிப் பாடம் புள்ளியியலும் பொருளாதார அளவையியலும். இந்த இரண்டையும் பல பள்ளிகளில் ஓட்டமாகவே நடத்துவார்கள். உங்களுக்கு வேண்டியது அவைதான்.

மறுபக்கத்திலிருந்து வருபவருக்கு வேலை கூடுதல். வணிகக் கணிதத்தை 'கணிதம்' என்று ஏற்பதும் ஏற்காததும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் சேர்க்கைக் குறிப்பேட்டில் தகுதி வரியைப் படித்துவிடுங்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஹானர்ஸ் எக்கனாமிக்ஸுக்கு, பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான கியூட்டில் கணிதத்தாள் எழுதியே ஆக வேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட்., பி.மேத். இரண்டுக்கும் பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். "எக்கனாமிக்ஸ் ஆர்ட்ஸ் குரூப்தானே, மேத்ஸ் எதற்கு?" என்று பத்தாம் வகுப்பு விடுமுறையில் எடுத்த முடிவு, இரண்டு வருடம் கழித்து இங்கேதான் வந்து இடிக்கும்.

உள்ள வழிகள் இவை.

பி.எஸ்சி. கணிதம் சேர்ந்து, பொருளியலைப் பக்கத்தில் வளர்த்துக்கொள்வது. பி.ஏ. பொருளியல் சேர்ந்து, கணிதத்தைப் பக்கத்தில் வளர்ப்பது. நுழைவுத் தேர்வு எழுதி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கோ (பி.ஸ்டாட். கொல்கத்தாவில், பி.மேத். பெங்களூரில்), சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்துக்கோ போவது. டெல்லிப் பல்கலைக்கழகம் போல், கணிதம் கலந்த பொருளியல் ஹானர்ஸ் தரும் இடத்துக்குப் போவது. ஐந்தாவதாக, ஒரே சமயத்தில் இரண்டு பட்டம்.

சொந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோதான் படிக்க முடியும் என்றால் எங்கள் பரிந்துரை முதல் வழி. பொருளியலை நல்ல பாடநூலும் விடாமுயற்சியும் இருந்தால் தனியாகப் படித்துவிடலாம். நிறுவல் அப்படி வராது. எழுதிய நிறுவலில் எந்த வரி ஓட்டை என்று சிவப்பு மையில் காட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் கணிதத் துறையில்தான் இருப்பார். நிறுவல் என்றாலே கசப்பு, தரவும் கொள்கையும்தான் பிடிக்கும் என்பவர் இந்தப் பரிந்துரையைத் தள்ளிவிட்டு, புள்ளியியல் வலுவாக இருக்கும் பி.ஏ. பொருளியலைத் தேடலாம்.

இரண்டு பட்டம் என்பதற்கு 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வழி திறந்தது. ஒன்று நேரடி வகுப்பாகவும் மற்றது தொலைநிலை அல்லது இணையவழியாகவும் இருக்கலாம். வகுப்பு நேரம் மோதாது என்றால் இரண்டுமே நேரடியாகவும் இருக்கலாம். காலையில் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், வீட்டில் தொலைநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ வழியாகப் பொருளியல் ஹானர்ஸ் என்பது நடக்கிற காரியம்தான். மூன்று விஷயங்களை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். தொலைநிலைப் படிப்புக்கு யுஜிசி அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா. உங்கள் பல்கலைக்கழகம் இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்கிறதா (வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வாங்குங்கள்). தேர்வுத் தேதிகள் மோதுமா. இக்னோ தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். நம் ஊர் நவம்பர் செமஸ்டர் கொஞ்சம் இழுத்தால் டிசம்பரில் இரண்டும் முட்டிக்கொள்ளும். இக்னோவில் அசைன்மென்ட் தனி மதிப்பெண் என்பதால், தேர்வுக்கு மட்டும் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் பட்டம் முடியாமல் தொங்கும்.

சேருமுன் பாடத்திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்

கல்லூரிப் பெயரைவிடப் பாடத்திட்டம் முக்கியம். பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து அதை இறக்கி, பென்சிலோடு உட்காருங்கள். பொருளியலுக்கு நேராகப் பயன்படுபவை: வகை, தொகை நுண்கணிதம் (பல மாறிகளில்), நேரியல் இயற்கணிதம், ரியல் அனாலிசிஸ், நிகழ்தகவு, புள்ளியியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், உகமமாக்கல் (ஆப்டிமைசேஷன், அதாவது உச்சத்தையோ நீசத்தையோ தேடுவது). ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்ற பெயரில் வருவதில் உகமமாக்கல் பாதி இருக்கும். விசையியல், முப்பரிமாணப் பகுமுறை வடிவியல், கலப்பெண் பகுப்பாய்வு எல்லாம் நல்ல பாடங்கள்தான். பொருளியலுக்கு அவ்வளவாக வேலைக்கு வராது. அவற்றில் தேர்ச்சி பெறுங்கள், பொழுதை அங்கே கரைக்காதீர்கள்.

அடுத்து, எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் என்று குறியுங்கள். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ரியல் அனாலிசிஸ் ஐந்தாவது செமஸ்டரில்தான் வரும். நேரியல் இயற்கணிதமும் அதை ஒட்டியே. முதுகலை நுழைவுத் தேர்வுகளோ ஆறாவது செமஸ்டரில் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். கல்லூரி நடத்தும் வேகத்தை நம்பினால், முக்கியப் பாடத்தை முடித்து மூன்று மாதத்தில் தேர்வு எழுத வேண்டியிருக்கும். அதனால் இந்த இரண்டு பாடங்களை ஓராண்டு முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். ஐஐடிகளின் இணையவழிப் பாடங்களான என்பிடெல் வகுப்புகள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். 12 வாரப் பாடமாக ஒன்றை மூன்றாவது செமஸ்டரிலும் மற்றதை நான்காவதிலும் எடுக்கலாம். வாராந்திர அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். மத்திய அரசின் ஸ்வயம் தளத்துப் பாடங்களை (என்பிடெல்லும் அதில் அடக்கம்) கிரெடிட்டாகச் சேர்க்கும் ஏற்பாடு கல்லூரியில் இருந்தால் ஒரு விருப்பப்பாடத்தின் சுமையும் குறையும். சேர்ப்பார்களா என்பதைத் துறைத்தலைவரிடம் பதிவு செய்வதற்கு முன் கேளுங்கள், பின் அல்ல.

சார்புப் பாடம், அதாவது அலைடு, தேர்வு செய்யச் சொல்லும்போது இயற்பியலா புள்ளியியலா என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம். புள்ளியியல்.

முதல் ஆண்டு: இரண்டு மொழியையும் ஒட்டவைப்பது

பொருளியல் பாடநூலில் 'இறுதிநிலை' என்று வரும் இடமெல்லாம் கணித நோட்டில் 'வகைக்கெழு'. இறுதிநிலைச் செலவு என்றால் மொத்தச் செலவின் வகைக்கெழு. இறுதிநிலைப் பயன்பாடு என்றால் பயன்பாட்டுச் சார்பின் பகுதி வகைக்கெழு. நெகிழ்ச்சி (விலை ஒரு சதவீதம் மாறினால் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பது) என்றால் மடக்கைகளுக்கு இடையிலான வகைக்கெழு. இந்த அகராதியை முதல் மாதத்திலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பியுங்கள்.

ஆனால் கவனம், இந்த ஒட்டு முழுக்கப் பொருந்தாது. மொத்தச் செலவு, உற்பத்தி அளவின் வர்க்கம் என்று வையுங்கள். 10 அலகில் வகைக்கெழு 20. பி.ஏ. பாடநூலின் அட்டவணை முறையிலோ 11-வது அலகுக்கான கூடுதல் செலவு 121 − 100 = 21. இரண்டும் சரி, ஒன்று தொடுகோட்டின் சாய்வு, மற்றது ஒரு முழு அலகு நகர்வு. கேள்வியில் அட்டவணை கொடுத்திருந்தால் வித்தியாசத்தை எடுங்கள், சார்பு கொடுத்திருந்தால் வகையிடுங்கள். இதை மாற்றிப் போட்டு "விடை ஒன்றால் தவறுகிறது" என்று முழிப்பது முதல் ஆண்டின் வாடிக்கை.

அடுத்த தடுக்கல் வரைபடம். கணிதத்தில் சாரா மாறி கிடை அச்சில் இருக்கும். தேவைக் கோட்டிலோ விலை செங்குத்து அச்சில் உட்கார்ந்திருக்கும். இந்த வழக்கத்தை நிலைநிறுத்தியவர் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல். 1865-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர், ஆகவே தெரியாமல் செய்யவில்லை. அளவைச் சாரா மாறியாக வைத்து யோசித்தார். நாம் இன்று விலையிலிருந்து யோசித்துக்கொண்டு அவர் படத்தை வரைகிறோம். அளவு = 100 − 2 × விலை என்றால், படத்தில் தெரியும் சாய்வு −2 அல்ல, −½.

இதே கோட்டில் சாய்வையும் நெகிழ்ச்சியையும் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. விலை 10 என்றால் அளவு 80, நெகிழ்ச்சி −2 × 10 ÷ 80 = −0.25. விலை 40 என்றால் அளவு 20, நெகிழ்ச்சி −2 × 40 ÷ 20 = −4. கோடு ஒன்றே, சாய்வு ஒன்றே, நெகிழ்ச்சி மட்டும் 16 மடங்கு மாறிவிட்டது. இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவர் பிறகு மறப்பதில்லை.

இரண்டாம் ஆண்டு: லாக்ராஞ்சை நம்புங்கள், கண்ணை மூடிக்கொண்டு அல்ல

கணிதமும் பொருளியலும் முதல்முறை உண்மையாகக் கைகுலுக்குவது லாக்ராஞ்ச் பெருக்கியில், அதாவது ஒரு கட்டுப்பாட்டுக்குள் உச்சத்தைத் தேடும் முறையில். ஒரு கணக்கை முழுதாகப் போட்டுவிடலாம்.

கையில் 600 ரூபாய். டீ 10 ரூபாய், பரோட்டா 20 ரூபாய். டீயின் எண்ணிக்கை ட, பரோட்டாவின் எண்ணிக்கை ப. பயன்பாடு ட × ப என்று கொள்வோம். வரவு செலவுக் கட்டுப்பாடு 10ட + 20ப = 600. லாக்ராஞ்ச் சார்பு: ட × ப − லாம்டா × (10ட + 20ப − 600); இதில் லாம்டாதான் பெருக்கி. அதை ட-வைப் பொறுத்து வகையிட்டால் ப = 10 × லாம்டா. ப-வைப் பொறுத்து வகையிட்டால் ட = 20 × லாம்டா. ஆக ட = 2ப. கட்டுப்பாட்டில் இட்டால் 40ப = 600; ப = 15, ட = 30, பயன்பாடு 450, லாம்டா 1.5.

பெரும்பாலானோர் இங்கே கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். லாம்டா என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். கையில் 601 ரூபாய் இருந்தால் ட = 30.05, ப = 15.025, பயன்பாடு 451.50. ஒரு ரூபாய் கூடியதும் பயன்பாடு 1.5 கூடியிருக்கிறது. லாம்டா என்பது கடைசி ரூபாயின் மதிப்பு. மேற்படிப்பில் 'நிழல் விலை' என்று வரப்போவது இதுதான்.

இப்போது அதே 600 ரூபாய், அதே விலைகள். பயன்பாடு மட்டும் ட + ப. வகையிட்டால் 1 = 10 × லாம்டா, 1 = 20 × லாம்டா. இரண்டும் ஒருசேர நடக்காது. "கணக்கு தவறு" என்று பேனாவை வைத்துவிடுவார்கள். கணக்கு தவறில்லை. விடை ஓரத்தில் இருக்கிறது: முழுப் பணத்துக்கும் டீ, 60 டீ, பரோட்டா பூஜ்யம். ட-வும் ப-வும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற நிபந்தனையை நாம் எழுதவே இல்லை, அதனால் லாக்ராஞ்சுக்கு ஓரம் தெரியவில்லை.

மூன்றாவதுதான் பொல்லாதது. பயன்பாடு ட² + ப² என்று வையுங்கள். வகையிட்டால் எந்தச் சத்தமும் இல்லாமல் அழகாக விடை வரும்: ட = 12, ப = 24, பயன்பாடு 720. வரியெல்லாம் சரி. ஆனால் 60 டீயும் வாங்கினால் பயன்பாடு 3600. 30 பரோட்டா மட்டும் வாங்கினாலே 900. லாக்ராஞ்ச் காட்டிய புள்ளி உச்சம் இல்லை, அந்தக் கோட்டிலேயே ஆகக் குறைவான புள்ளி! சமநோக்கு வளைகோடுகள் (ஒரே பயன்பாடு தரும் புள்ளிகளை இணைப்பவை) மூலத்தை நோக்கிக் குவியவில்லை என்பதைப் பார்க்காமல் விட்டதன் விலை இது. வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமன்செய்தால் வருவது சந்தேகத்துக்குரிய புள்ளி மட்டுமே. அது உச்சமா என்பதை வளைவைப் பார்த்து, ஓரங்களையும் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும். இந்த மூன்று கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் மைக்ரோ பாடத்தில் பாதிப் பிழைகளைத் தவிர்க்கலாம்.

இதே ஆண்டில் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணிகளில் தரம், நேரியல் சார்பின்மை, நேர்மாறு எப்போது இருக்காது, ஐகன் மதிப்புகள். நிகழ்தகவில் நிபந்தனை எதிர்பார்ப்பு. இவற்றின் பலன் மூன்றாம் ஆண்டில்தான் கைக்கு வரும்.

மூன்றாம் ஆண்டு: ரியல் அனாலிசிஸும் எக்கனாமெட்ரிக்ஸும்

ரியல் அனாலிசிஸ் படிப்பவர்கள் "இதற்கும் சந்தைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பது நியாயம்தான், பாடம் நடத்தும் விதம் அப்படி. ஒரு தேற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மூடிய, வரம்புடைய கணத்தில் தொடர்ச்சியான சார்பு தன் உச்ச மதிப்பை அடையும். மேலே உள்ள டீக்கடைக் கணக்குக்கு விடை இருக்கிறது என்று நமக்கு உறுதி கொடுப்பது இதுதான். டீ இலவசம் என்று அறிவித்தால் என்ன ஆகும்? எத்தனை டீ வேண்டுமானாலும் வாங்கலாம், கணம் வரம்பற்றதாகிவிடும், ட × ப-வுக்கு உச்சமே இல்லை. '600 வரை' என்பதை '600-க்குக் குறைவாக' என்று மாற்றினால்? 599-ஐவிட 599.99 மேல், அதைவிட 599.999 மேல், கணம் மூடியதல்ல, உச்சத்தை நெருங்கலாம், தொட முடியாது. தேற்றத்தின் ஒவ்வொரு நிபந்தனையையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, சந்தையில் எது உடைகிறது என்று எழுதுவதுதான் இந்தப் பாடத்தைப் படிக்கும் முறை.

அதற்காகத் தனி நோட்டு ஒன்று போடுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தேற்றம், அதன் நிபந்தனைகள், நிபந்தனை போனால் பொருளியலில் என்ன உடையும். வாரத்துக்கு ஒரு பதிவு போதும். இடைமதிப்புத் தேற்றம் வந்தால் எதிரே இரண்டு பொருள் சந்தையின் சமநிலை. பிரௌவரின் நிலைப்புள்ளித் தேற்றம் வந்தால் எதிரே ஆட்டக் கோட்பாட்டில் வரும் ஜான் நாஷின் சமநிலை. மூன்று செமஸ்டரில் ஐம்பது பதிவுகள் சேர்ந்தால், நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்ட வேறு எதுவும் வேண்டாம்.

எக்கனாமெட்ரிக்ஸில் (பொருளாதார அளவையியலில்) இறங்கும்போது இரண்டாம் ஆண்டு அணிகள் திரும்பி வரும். காலாண்டு விற்பனைத் தரவுக்கு நான்கு காலாண்டுக்கும் நான்கு டம்மி மாறிகள் (அந்தக் காலாண்டு என்றால் 1, இல்லையென்றால் 0) போட்டு, கூடவே மாறிலியையும் வைத்தால், நான்கு நிரல்களின் கூட்டுத்தொகை மாறிலி நிரலாகவே இருக்கும். நிரல்கள் நேரியல் சார்புடையவை, அணிக்கு நேர்மாறு இல்லை, மதிப்பீடு செய்ய முடியாது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் சண்டை போடாமல் ஒரு கெழுவை மட்டும் காலியாகக் காட்டிவிட்டு மற்றதை அச்சிடும். கணிதம் தெரியாதவர் அதை மென்பொருள் கோளாறு என்பார். தெரிந்தவர் ஒரு டம்மியை எடுத்துவிட்டு, மீதி மூன்று கெழுக்களும் விடுபட்ட காலாண்டோடு ஒப்பிட்ட வித்தியாசம் என்று படிப்பார்.

மடக்கைக் கெழுவைச் சதவீதமாகப் படிப்பதிலும் ஒரு எல்லை உண்டு. 5 சதவீத உயர்வின் இயல் மடக்கை 0.0488, பரவாயில்லை. 50 சதவீத உயர்வுக்கு 0.405. சிறிய மாற்றங்களுக்கு மட்டும் அந்தக் குறுக்கு வழி.

பயிற்சிக்குத் தரவு தேடி அலைய வேண்டாம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பான பிஎல்எஃப்எஸ்ஸின் தனிநபர் அளவிலான தரவை இலவசமாகவே தருகிறது. திறந்ததும் வரிவரியாக எண்கள்தான் தெரியும். எந்த இடத்து எண் எதைக் குறிக்கிறது என்ற அமைப்புக் கோப்பைச் சேர்த்து இறக்க மறக்காதீர்கள். மறக்கக் கூடாத இன்னொன்று மல்டிப்ளையர். ஒவ்வொரு குடும்பமும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எடை அது. அதைப் பெருக்காமல் சராசரி எடுத்தால் உங்கள் விடை மாதிரியைப் பற்றியது, நாட்டைப் பற்றியது அல்ல. உங்கள் விடையை அரசு வெளியிட்ட அறிக்கையின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் பத்துக்கு எட்டு முறை காரணம் எடையாகத்தான் இருக்கும்.

வாரம் எப்படி ஓட வேண்டும்

கல்லூரி நேரம் போக வாரத்துக்கு 14 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். அதில் ஏழு கணிதத்துக்கு, நான்கு பொருளியலுக்கு, இரண்டு அந்த மூன்று பத்தி நோட்டுக்கும் கணக்குகளை ஒட்டவைப்பதற்கும், ஒன்று மென்பொருளுக்கு. கணிதத்தின் ஏழை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பது வீண். நிறுவல் ஊற வேண்டும். இரவு படித்துப் புரியாதது மறுநாள் காலை பஸ்ஸில் புரியும்.

நிறுவலைப் படிக்கும் முறை: ஒருமுறை படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், வெற்றுத்தாளில் எழுதுங்கள், நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு திறந்து பாருங்கள். மூன்றாவது முயற்சியில் பெரும்பாலும் வந்துவிடும். மனப்பாடம் செய்து செமஸ்டர் தேர்வில் 75 வாங்கலாம்தான். நுழைவுத் தேர்வில் ஒரு நிபந்தனையை மாற்றிக் கேட்டதும் மனப்பாடம் கைவிட்டுவிடும்.

பொருளியலுக்கு எதிர்த்திசைப் பயிற்சி. 1906-இல் புள்ளியியலாளர் ஆர்தர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில் மார்ஷல் சொன்ன யோசனை: கணிதத்தைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்து, வேலை முடிந்ததும் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுது, வாழ்க்கையிலிருந்து உதாரணம் கொடு, பிறகு கணிதத்தை எரித்துவிடு. நாம் ஆங்கிலத்துக்குப் பதில் தமிழில் எழுதலாம். ஒவ்வொரு தருவிப்புக்கும் கீழே குறியீடே இல்லாமல் மூன்று வரி. எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள். எரிப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள், உள்மதிப்பீட்டுக்கு நோட்டு கேட்பார்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் இரண்டு செமஸ்டர் ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரண்டு மொழியிலும் எழுதிவருவது நல்லது. நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில். யோசனை தமிழில் இருப்பதில் குறை ஒன்றும் இல்லை, சொல் கிடைக்காமல் நிற்கக்கூடாது.

அரியர் விழுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறோம். இரண்டையும் படிப்பவர்கள் கஷ்டமான பாடத்தில் பெரும்பாலும் விழுவதில்லை. "இது சும்மா" என்று விட்டுவைத்த இயற்பியல் அலைடிலும் மொழித்தாளிலும்தான் விழுகிறார்கள். முதுகலைச் சேர்க்கைக்கு மொத்தச் சதவீதம் கேட்கும் இடங்களில் அந்த ஒரு தாள் வந்து நிற்கும்.

அடுத்த படிக்கு விண்ணப்பம்

ஐஐடிகளின் முதுகலை நுழைவுத் தேர்வான ஜாமில் பொருளியல் தாள் 2021-இல் சேர்க்கப்பட்டது. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரு விடை தேர்வு 30, பல விடை தேர்வு 10, எண்ணாக விடை தருவது 20. நெகட்டிவ் மதிப்பெண் முதல் வகைக்கு மட்டும். ஒரு மதிப்பெண் கேள்வி தவறினால் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மதிப்பெண் கேள்வி தவறினால் மூன்றில் இரண்டு பங்கு போகும். எண் விடையில் குறைப்பு இல்லை என்பதால் வெறுமனே விடாதீர்கள். பாடத்திட்டத்தில் மைக்ரோ, மேக்ரோ (நாட்டளவிலான பொருளியல்), புள்ளியியல், இந்தியப் பொருளாதாரம், கணிதம் ஐந்தும் உண்டு. கணிதப் பட்டதாரிகள் கோட்டைவிடுவது இந்தியப் பொருளாதாரத்தில், பி.ஏ. பட்டதாரிகள் கணிதத்தில்.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.எஸ். குவான்டிடேடிவ் எக்கனாமிக்ஸுக்கு ஒரு தாள் கணிதம், ஒரு தாள் பொருளியல். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கென்றே போட்டதுபோல் இருக்கும். டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸின் எம்.ஏ.வுக்கு கியூட் முதுகலைத் தேர்வு. சென்னையில் கோட்டூர்புரத்தில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸில் பொதுப் பொருளியலோடு நிதிப் பொருளியல், ஆக்சுவேரியல் (காப்பீட்டு இடர்க் கணிப்பு) பொருளியல், சுற்றுச்சூழல் பொருளியல் என்று பிரித்துத் தருகிறார்கள். ஆக்சுவரி வேலையில் நாட்டம் உள்ள கணிதப் பட்டதாரிகள் அந்தப் பாடத்திட்டத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

இந்தியப் பொருளாதாரப் பணி எழுத நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யுபிஎஸ்சி அதற்குப் பொருளியல் முதுகலைப் பட்டம் கேட்கிறது. வெறும் பி.எஸ்சி. கணிதத்தோடு, எவ்வளவு பொருளியல் தனியாகப் படித்திருந்தாலும், விண்ணப்பிக்க முடியாது. இந்தியப் புள்ளியியல் பணிக்கோ இளங்கலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலே போதும். அலைடில் புள்ளியியல் எடுத்தவர்கள், தங்கள் சான்றிதழில் அது தனிப்பாடமாகப் பெயரோடு அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

காலண்டரில் குறிக்க வேண்டியவை: ஜாம் விண்ணப்பம் ஐந்தாவது செமஸ்டரில், செப்டம்பர், அக்டோபர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். கியூட் முதுகலை மார்ச்சை ஒட்டி. இந்தியப் புள்ளியியல் நிறுவனத் தேர்வு மே மாதத்தில், பெரும்பாலும் உங்கள் கடைசி செமஸ்டர் தேர்வுகளுக்கு நடுவிலோ முடிந்த கையோடோ. ஹால் டிக்கெட் வந்ததும் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோதினால் பல்கலைக்கழகத் தேர்வுதான் முதலில். அதில் அரியர் வைத்துவிட்டு நுழைவுத் தேர்வில் வென்றாலும் சேர்க்கை நாளன்று காட்டப் பட்டம் இருக்காது.